கால் எங்கே இருந்துச்சு?

கோயம்புத்தூரில் மோட்டார் ஆசை என்பது சர்க்கரை வியாதி மாதிரி. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும். ஒரு தலைமுறை தாண்டியும் வரும். 1920-ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்த கதையை நேற்று நடந்த மாதிரி சொல்கிறவர்கள் இங்கே இன்னமும் உண்டு. மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் செய்த கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்ப் பிள்ளைதான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் வேலைக்குப் போய் நாலு காசு பார்த்ததும் என்ன செய்வான்? பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் கையை வைப்பான்.

என் அக்கா மகன் அதைத்தான் செய்தான். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. இரண்டு கை மாறி வந்த ஐரோப்பியக் கார், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். வாங்கிய ஆறு மாசத்துக்குள் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டர் வந்தது. சைலன்சர் மாறியது. கடைசியாக, பளபளவென்று அலுமினியத்தில் ஒரு வால்வு வந்தது. ப்ளோ ஆஃப் வால்வு என்று பெயர். அதற்கு ஒரே ஒரு வேலை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம் போடும். கொதிக்கிற குக்கரின் வெயிட்டை அவசரமாகத் தூக்கினால் வருமே, அந்தச் சத்தம். அவிநாசி ரோட்டில் காலேஜ் பசங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குத்தான் அத்தனை ஆயிரம்.

வால்வு வந்து ரெண்டு வாரத்தில் வண்டி நிற்க ஆரம்பித்தது.

ஓடும்போது இல்லை. அதுதான் விசேஷம். ஓடும்போது புலி. சிக்னலைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும்போது, முள் 1000-க்குக் கீழே இறங்கி, ஒரு முக்கு முக்கி, அப்படியே அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். அடுத்த சிக்னலில் நிற்கலாம், நிற்காமலும் இருக்கலாம். ஹோப் காலேஜிலிருந்து லட்சுமி மில் வருவதற்குள் இரண்டு தடவை நிற்கும். அதே தூரத்தை மறுநாள் சமர்த்தாக வரும். நோயாளி டாக்டரைப் பார்த்ததும் நன்றாகிவிடுவது போல, ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் மணிக்கணக்கில் பூனை மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் ஷெட்டில் ப்ளக்கும் காயிலும் மாற்றினார்கள். ரெண்டு நாள் நன்றாக இருந்தது. எந்த ரிப்பேருக்கும் ஒரு ரெண்டு நாள் மரியாதை உண்டு. இரண்டாவது ஷெட்டில் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார்கள். இதைக் குறை சொல்ல முடியாது. த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கரி படிந்தால், கால் எடுத்த பிறகு உள்ளே போகிற அந்தக் கொஞ்சூண்டு காற்று தடைப்பட்டு வண்டி நிற்கும். வேகம் குறையும்போது நிற்கிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ஆனால் இங்கே பதில் அது இல்லை. மூன்றாவது இடம் பெரிய இடம். ஏ.சி. ரூம், காபி மெஷின். கம்ப்யூட்டரைச் செருகினார்கள். 'பி0171' என்று வந்தது. கலவையில் பெட்ரோல் பற்றாக்குறை என்று அர்த்தம். பெட்ரோல் பற்றவில்லையா, சரி, பம்ப்பைப் போடு. புது ஃபியூயல் பம்ப், கூலியோடு இருபத்தி இரண்டாயிரம். வண்டி வெளியே வந்து முதல் ஸ்பீடு பிரேக்கரில் நின்றது.

இதில் ஒரு வேடிக்கை. முதல் ஷெட்காரர் கழற்றிய ப்ளக்குகள் கன்னங்கரேலென்று இருந்தன. பெட்ரோல் அதிகமாகப் போனால்தான் ப்ளக் அப்படிக் கறுக்கும். நிற்பதற்கு முன்னால் சைலன்சரில் ஒரு கறுப்புப் புகை வருகிறது, பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று பையனே சொன்னான். கம்ப்யூட்டரோ பெட்ரோல் குறைச்சல் என்கிறது. ஒரே வண்டி, ஒரே வாரம். அதிகமா, குறைச்சலா? அதிகம் என்று பார்த்தவர் ப்ளக் மாற்றினார். குறைச்சல் என்று பார்த்தவர் பம்ப் மாற்றினார். இரண்டும் எப்படிச் சேரும் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு பில் போட முடியாது அல்லவா?

இதுவரைக்கும் காசுதான் போனது. கோத்தகிரியில் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு கோத்தகிரி போய்விட்டு இறங்கி வருகிறான். முன்னால் ஒரு லாரி. கொஞ்சம் நேரான இடம் வந்ததும் அழுத்தி முந்தினான். முந்தி முடித்ததும் எதிரே வளைவு. காலை எடுத்து, பழக்க தோஷத்தில் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தான். உஸ்ஸ்ஸ். அதோடு இன்ஜின் அணைந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது.

ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் ஸ்டியரிங்கை லேசாக்குகிற பம்ப் இன்ஜினின் பெல்ட்டில் ஓடுகிறது. இன்ஜின் நின்றால் அதுவும் நின்றது. ஸ்டியரிங் திரும்பும், ஆனால் இரண்டு ஆள் பலம் வேண்டும். பிரேக்கும் அப்படித்தான். கால் அழுத்தத்துக்கு உதவி செய்கிற பூஸ்டரில் வெற்றிடம் சேமிப்பாக இருக்கும். அது இரண்டு, மிஞ்சினால் மூன்று மிதிக்கு வரும். அதற்குப் பிறகு செங்கல்லை மிதிப்பது மாதிரி இருக்கும். பயத்தில் விட்டு விட்டு மிதிக்கிறவனுக்கு அந்த மூன்றும் மூன்று நொடியில் தீர்ந்துவிடும். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தாலே போதும். கியரில் இருக்கிற வண்டியில் சக்கரம் இன்ஜினைச் சுற்றும், இன்ஜின் தானாகப் பிடித்துக்கொள்ளும். மலைப்பாதையில் 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. எந்தக் காரணத்துக்காகவும் சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பையன் ஒரே மிதியாக மிதித்துப் பிடித்து, சுவர் ஓரமாக நிறுத்திவிட்டான். அக்கா என்னிடம் போனில் சொன்னது ஒரே வாக்கியம்தான். "உன் மருமகன் வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன், நீ என்னன்னு கேளு."

சிங்காநல்லூரில் எனக்கு ஒரு மேஸ்திரியைத் தெரியும். அறுபதைத் தாண்டியவர். சின்ன வயசில் சோழவரம் ரேஸில் டயர் தூக்கிப் போட்டவர். பெயர்ப் பலகை கிடையாது. வேப்பமரத்துக்குக் கீழே தகரக் கூரை, இரண்டு பையன்கள், ஒரு பழைய லேப்டாப். அவரிடம் எனக்குப் பிடித்தது, பானெட்டைத் திறக்க அவசரப்பட மாட்டார். டீ சொல்லிவிட்டு உட்காருவார்.

பையன் அதுவரை நடந்ததை எல்லாம் ஒப்பித்தான். ப்ளக், காயில், த்ராட்டில், பம்ப். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங்க தம்பி, வண்டி நிக்கறப்ப கால் எங்க இருந்துச்சு?" என்றார்.

பையனுக்குப் புரியவில்லை.

"ரெண்டு காலும் எங்க இருந்துச்சுன்னு கேக்கறேன். கிளட்ச்சுல இருந்துச்சா, வெளிய இருந்துச்சா? அதுக்கு ஒரு நிமிஷம் முன்னால ஆக்சிலரேட்டர்ல அமுக்கிட்டு இருந்தீங்களா, சும்மா தொட்டுட்டு இருந்தீங்களா?"

நாலு மாசத்தில் மூன்று ஷெட்டில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. பையன் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தடவையாக நினைத்துப் பார்த்துச் சொன்னான். அழுத்தி ஓட்டிவிட்டு, சடாரென்று காலை எடுத்து, கிளட்ச்சை மிதித்தால் பெரும்பாலும் நிற்கிறது. கிளட்ச்சை மிதிக்காமல் கியரிலேயே இறங்கி வந்தால் நிற்பதில்லை. மெதுவாக ஓட்டிவந்து நிறுத்தினால் நிற்பதில்லை, ஆனால் ஐடிலிங்கில் கொஞ்சம் நடுங்குகிறது. இவ்வளவையும் அவனே கவனித்திருக்கிறான். கேட்க ஆள் இல்லை, அதனால் சொல்லவில்லை.

"கடைசியா எதைங்க மாத்துனீங்க?"

"வால்வுங்க."

"அது வர்றதுக்கு முன்னால நின்னுச்சுங்களா?"

"இல்லீங்க. ஆனா என் ஃப்ரெண்டு வண்டியிலும் இதே வால்வுதாங்க மேஸ்திரி. அவனுக்கு ஒரு தடவைகூட நின்னதில்ல. யூடியூப்லயும் அதனால நிக்காதுன்னுதான் சொல்றாங்க."

மேஸ்திரி தலையை ஆட்டினார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் டர்போ பற்றிச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான். இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகை சூடாக, வேகமாகப் போகிறது. அதை வீணடிப்பானேன் என்று ஆல்ஃப்ரெட் ப்யூகி என்கிற ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் 1905-லேயே யோசித்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே அச்சில் மறுபக்கம் இருக்கிற இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம், பெட்ரோல் அதிகம், பலம் அதிகம். விற்பனைக்கு வந்த கார்களில் இதை முதலில் பொருத்தியது 1962-ல், அமெரிக்காவில்.

அந்தக் காற்றாடி நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் கதவு மூடிக்கொள்ளும். காற்றாடிக்கு அது தெரியாது, இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் பந்திக் கதவைச் சாத்திவிட்டால் பின்னால் வருகிற கூட்டம் நெருக்குமே, அந்த நிலைமை. அழுத்தம் திரும்பிப் போய்க் காற்றாடியையே மோதும். அதனால் அந்தக் குழாயில் ஒரு வால்வு வைத்து, கதவு சாத்தியதும் திறந்து, நெருக்குகிற காற்றை வெளியேற்றுகிறார்கள்.

எங்கே வெளியேற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம். கம்பெனி வைத்த வால்வு அந்தக் காற்றை ஒரு ஹோஸ் வழியாக டர்போவின் வாய்க்கே திருப்பிக் கொண்டுபோய் விடும். சத்தமும் வராது. பையன் வைத்த வால்வு வெளியே ஊதிவிடும். அந்த ஊதல்தான் அவன் காசு கொடுத்து வாங்கிய சத்தம்.

ஊதினால் என்ன, காற்றுதானே, ஊரெல்லாம் கிடக்கிறது என்று தோன்றும். ஆனால் அது எண்ணப்பட்ட காற்று.

பெட்ரோல் இன்ஜினில் ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய, சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அதனால் கம்ப்யூட்டர், ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு சென்சாரை உட்காரவைத்து, உள்ளே வருகிற காற்றை எண்ணுகிறது. சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆள் மாதிரி. நூறு பேர் உள்ளே போனார்கள் என்று அவர் சொன்னால், கேன்டீனில் நூறு டீ போடுவார்கள். உள்ளே போனதில் முப்பது பேர் பக்கவாட்டுக் கதவு வழியாக எழுந்து போய்விட்டால்? டிக்கெட் கிழித்தவருக்குத் தெரியாது. நூறு டீ வரும், குடிக்க எழுபது பேர்தான் இருப்பார்கள். பெட்ரோல் மிஞ்சுகிறது, ப்ளக் கறுக்கிறது, புகை வருகிறது. கம்பெனி வால்வில் அந்த முப்பது பேரும் தியேட்டருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கணக்கு தப்பாது.

வேகமாக ஓடும்போது இந்தக் கணக்குப் பிசகை இன்ஜின் விழுங்கிவிடும். முள் 3000-ல் இருக்கும்போது சுழல்கிற வேகமே அதைத் தாங்கிக்கொண்டு போகும். கிளட்ச்சை மிதித்ததும் சக்கரத்தின் துணை போய்விட்டது. முள் விழுந்துகொண்டே வருகிறது. 800, 900-ல் அதைத் தாங்கிப் பிடித்து நிறுத்த வேண்டியது கம்ப்யூட்டர் மட்டும்தான். விழுகிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரி நுணுக்கமான வேலை. சரியாக அந்த நொடியில் மிஞ்சிய பெட்ரோல் வந்து சேருகிறது. அதனால்தான் மேஸ்திரி காலைப் பற்றிக் கேட்டார்.

அப்படியானால் கம்ப்யூட்டர் ஏன் குறைச்சல் என்றது? அதற்கு மேஸ்திரி எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். சிங்காநல்லூர் – காந்திபுரம். பளபள வால்வின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். டிக்கெட் போய் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தார். விழவில்லை.

"பாருங்க, மூச்சு உள்ள இழுக்குது."

வால்வுக்குள் இருக்கிற ஸ்பிரிங் சத்தத்துக்காக இளக்கமாக வைக்கப்பட்டது. இன்ஜின் சும்மா ஓடும்போது அதன் உறிஞ்சும் சக்திக்கே அந்த வால்வு திறந்துகொள்கிறது. அப்போது டர்போ அமுக்கிக்கொண்டிருக்காது, குழாயில் அழுத்தம் இருக்காது. வெளிக்காற்று வால்வின் வாய் வழியாக உள்ளே நுழைகிறது. பக்கவாட்டுக் கதவு வழியாக டிக்கெட் இல்லாமல் ஆள் ஏறுகிற மாதிரி. இந்த மாதிரி இன்ஜின் ஐடிலிங்கில் நொடிக்குச் சுமார் 3 கிராம் காற்றை இழுக்கும். லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால் சென்சார் 2.5-க்குக் கீழே காட்டியது. மீதி, டிக்கெட் வாங்காத கூட்டம். புகைக் குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார், எரியாத காற்று மிஞ்சுகிறது என்று சொல்கிறது. உடனே கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி, 19 சதவீதம் வரைக்கும் கூட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் முடியாது என்று பி0171 எழுதிவைக்கிறது.

ஆக, ஒரே ஓட்டை. கால் எடுத்த நொடியில் காற்றை வெளியே விடுகிறது, அடுத்த நொடியிலிருந்து உள்ளே இழுக்கிறது. ஐடிலிங்குக்காகக் கற்றுக்கொண்ட அந்தக் கூடுதல் பெட்ரோல், கால் எடுக்கிற நொடியில் வருகிற மிச்சத்தோடு சேர்ந்து இன்னும் கெடுக்கிறது. ப்ளக்கைப் பார்த்தவரும் சரி, கம்ப்யூட்டரைப் பார்த்தவரும் சரி. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. எண்ணுகிறவனை ஏமாற்றிவிட்டு, எண்ணியது தப்பு என்று பம்ப்பை மாற்றினால் அது என்ன செய்யும்?

இவ்வளவும் தெரிந்த பிறகும் மேஸ்திரி வால்வுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. "பாத்துப்புடலாங்க" என்று சொல்லி, பையனை ஓட்டச் சொல்லி, செட்டிபாளையம் பக்கம் ஒரு காலி ரோட்டுக்குக் கூட்டிப்போனார். நான் பின் சீட்டில். முதலில் மெதுவாக ஓட்டி நிறுத்தச் சொன்னார். ஐந்து தடவை. நிற்கவில்லை. பிறகு மூன்றாவது கியரில் அழுத்தி, காலை எடுத்து, கிளட்ச் மிதிக்கச் சொன்னார். ஐந்தில் மூன்று தடவை நின்றது. ஓரம் கட்டி, வால்வைக் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகட்டை வைத்து அடைத்தார். மறுபடி ஐந்து தடவை. டர்போவிலிருந்து புறா குமுறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. போக இடம் இல்லாமல் காற்று காற்றாடியில் மோதுகிற சத்தம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அடைத்து வைத்தே ஓட்டினால் டர்போவுக்குக் கெடுதல், இது பரிசோதனைக்கு மட்டும்தான் என்று பையனிடம் இரண்டு முறை சொன்னார்.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து. ஆஸ்பத்திரியில் மருந்துக்குச் செய்கிற பரிசோதனையும் அடிப்படையில் இவ்வளவுதான். ஆனால் மூன்று ஷெட்டிலும் மாற்றினார்கள், ஓட்டிப் பார்க்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு 'ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க' என்றார்கள்.

நண்பன் வண்டி விவகாரத்தையும் மேஸ்திரி பாக்கி வைக்கவில்லை. காற்றை எண்ண இரண்டு வழி இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து எண்ணுவது ஒன்று. உள்ளே, த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவது இன்னொன்று. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி இரண்டையும் செய்தது. 1967-ல் வந்தது அழுத்தத்தைப் பார்ப்பது, பெயர் டி-ஜெட்ரானிக். பிறகு வந்தது காற்றின் ஓட்டத்தை அளப்பது, பெயர் எல்-ஜெட்ரானிக். டி என்றால் அழுத்தம், எல் என்றால் காற்று, ஜெர்மன் மொழியில். இன்றைக்கும் கார்கள் இந்த இரண்டில் ஒரு வழியில், அல்லது இரண்டையும் கலந்துதான் எண்ணுகின்றன. நண்பன் வண்டி அழுத்தம் பார்க்கிற வகை. த்ராட்டிலுக்கு வெளியே காற்று எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை, தியேட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணுகிற ஆள் அது. அதனால் ஊதினாலும் நிற்பதில்லை. யூடியூபில் 'ஒன்றும் ஆகாது' என்கிறவர்களும் பொய் சொல்லவில்லை, அவரவர் வண்டிக்கு அது உண்மை. எந்த வண்டி என்று சொல்லாமல் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பையன் முகம் தொங்கிப்போயிற்று. "மேஸ்திரிங்க, பாதிக் காத்து வெளிய, பாதி உள்ள விடற மாதிரி ஒரு வால்வு இருக்குதாம். அதைப் போட்டா?"

"போடலாம் கண்ணு. பாதி தடவ நிக்கும்."

நான் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்திப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை என்று சேர்த்தார்கள். பையன் விரலை விட்டு எண்ணினான். ஃபில்டர், சைலன்சர், வால்வு. "பதினஞ்சாயிரம்தான மாமா? பம்ப் அதுக்கு மேல ஆச்சே" என்றான். இந்தத் தலைமுறையைச் சட்டத்தால் திருத்த முடியாது என்று விட்டுவிட்டேன். கோத்தகிரி வளைவைப் பற்றி மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மாவ எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். பையன் பழைய வால்வை வீட்டிலிருந்து எடுத்துவரக் கிளம்பினான். நல்லவேளை, அதை எறியாமல் வைத்திருந்தான்.

பழைய வால்வு, அதன் ஹோஸ், இரண்டு புது கிளிப். ஹோஸ் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, பிளம்பிங் கடையில் வாங்கின பி.வி.சி. மூடியில் சைக்கிள் ட்யூப் வால்வைப் பொருத்தி டர்போவின் வாயில் மாட்டி, லேசாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓர் இணைப்பில் குமிழ் வந்தது, இறுக்கினார். திறந்த ஃபில்டரில் அளவுக்கு மேல் எண்ணெய் பூசியிருந்தது. அந்த எண்ணெய் பறந்துபோய்க் காற்றை எண்ணுகிற சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்தால் அதற்குக் கண் மங்கிவிடும். அதற்கென்று இருக்கிற ஸ்ப்ரேயால் கழுவினார். பிறகு, கம்ப்யூட்டர் தப்பாகக் கற்றுக்கொண்டதை எல்லாம் அழித்துவிட்டு, புதிதாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது 19 இருந்த இடத்தில் 3 இருந்தது. மூன்று, நான்கு எல்லா வண்டிக்கும் உண்டாம். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பில் ஆயிரத்து நானூறு. பையன் இரண்டாயிரம் கொடுத்தான். அவர் அறுநூறைத் திருப்பிக் கொடுத்தார்.

போன மாசம் அக்காவைக் குன்னூருக்குக் கூட்டிப்போயிருக்கிறான். ஏறமாட்டேன் என்றவள்தான், ஏறிவிட்டாள். இறங்கி வந்து எனக்குப் போன் செய்தாள். குரலில் கவலை.

"ஏன்டா, வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா முன்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருமே, அது வரவே இல்ல. மறுபடியும் ஏதாச்சும் ரிப்பேரா, அந்த மேஸ்திரியக் கேளேன்?"